வாசலில் எண்ணெய்ச் சொட்டுகள்

ஒக்டோபர் 4, சனி

காலை 146/92.

இந்தக் கொப்பியை டொக்டர் தந்தார். தினமும் பிரஷரை அளந்து எழுத வேண்டும். ஏறுகிற நாளில் என்ன சாப்பிட்டேன், என்ன யோசித்தேன் என்பதையும் எழுத வேண்டுமாம். சாப்பிட்டது இடியப்பம், சொதி, நேற்றைய மீன்குழம்பு. யோசித்தது ஒன்றுமில்லை.

பின்னேரம் 161/98.

குலேந்திரன் புதுக் கார் எடுத்திருக்கிறான். அவன் என் சகலன். என் மனைவி சறோவின் தங்கை வதனியைக் கட்டியவன். கனடாவுக்கு எனக்கு எட்டு வருடம் பிந்தி வந்தவன். விமான நிலையத்துக்குப் போய் ஏற்றி வந்ததும் நான், முதல் குளிர் ஜக்கெட் வாங்கிக் கொடுத்ததும் நான். இன்றைக்குக் கோயிலில் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து ஹோர்ன் அடிக்கிறான். சாம்பல் நிறம். கதவை மூடினால் சத்தமே கேட்கவில்லை. சறோ மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தாள். அவன் மகள் மிதுஷா முன் சீற்றில் இருந்து, "பெரியப்பா, ஏறுங்கோ, ஒரு ரவுண்ட் போவம்" என்றாள். கால் நோகிறது என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பொறாமை இல்லை. டொக்டர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒக்டோபர் 11, சனி

155/95.

இந்த நாட்டில் பனிக்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள். கொட்டுவார்கள் என்ன, கொட்டுகிறவனே நான்தான். பதினான்கு வருடமாக உப்பு லொறி ஓட்டுகிறேன். உப்புப் பட்டால் பனி உருகும், கார் துருப்பிடித்து உக்கும். அதனால் கொஞ்சம் வசதியானவர்கள் பனிக்கு முதலே காரின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் அடிப்பிப்பார்கள். அடித்த எண்ணெய் இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருக்கும்.

குலேந்திரன் எண்ணெய் அடித்த கையோடு இங்கே வந்து நின்றான்.

"அண்ணை, ரெண்டு நாளைக்கு உங்கட வாசல்ல விடட்டோ? எங்கட வாசல் இப்பதானே கல்லுப் பதிச்சது. எண்ணெய் பட்டால் போகாது."

"எங்கட வாசல்ல பட்டால் போகுமோ?"

"உங்கட தார்தானே அண்ணை" என்று சிரித்தான்.

சறோ உள்ளேயிருந்து, "அதுக்கென்ன, விடுங்கோ" என்றாள். குளிர்ப்பெட்டி வந்த அட்டையைத் தேடி எடுத்து, முழங்காலில் நின்று, அவன் காருக்குக் கீழே தள்ளினேன். அப்படியும் மூன்று இடத்தில் கறை.

என் பழைய வானுக்கு நான் ஒருநாளும் எண்ணெய் அடிப்பித்ததில்லை. உப்பைப் பற்றி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

168/101. சாப்பிட்டது குலேந்திரன் வீட்டு ஆட்டிறைச்சி.

பதினைந்து பேர் இருந்த சாப்பாட்டு மேசையில் அவன் சொல்கிறான், "அண்ணையின்ர வானில பின் சீற்றில இருந்தால் அடி ஓட்டையால ரோட்டே தெரியும். தனியா யன்னல் தேவையில்லை." எல்லோரும் சிரித்தார்கள். சறோவும் சிரித்தாள். மிதுஷா மட்டும், "அப்பா, சும்மா இருங்கோ. நான் ஓடப் பழகின வான் அது" என்றாள். உண்மைதான். உப்பு யார்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாதம் பழக்கினேன். அப்போது குலேந்திரனுக்கு நேரமில்லை, இரண்டு வேலை செய்துகொண்டிருந்தான். இப்போது அவள் யூனிவர்சிற்றியில் மூன்றாம் வருடம். அவளை ஓடப் பழக்கியது யார் என்று அந்த மேசையில் வேறு யாருக்கும் ஞாபகமில்லை.

ஒக்டோபர் 25, சனி

வானை கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் மணியம் அதை உயர்த்தி, ஸ்குரூ டிறைவரால் பின் இடது சில்லுக்கு மேலே குத்தினான். கைப்பிடி வரை உள்ளே போனது. தவிட்டு நிறத்தில் கறள் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. சில்லைத் தாங்கிற இடமே உக்கிப்போச்சு. ஹைவேயில ஓடேக்க கழண்டால் ஆளையே முடிச்சுப்போடும். இதை இனி ரோட்டில விடாதேங்கோ."

"ஒட்டிப் பூசேலாதோ?"

"எதில ஒட்டுறது? இரும்பே இல்லை."

என்ன வேலை என்று வீட்டில் சறோ கேட்டாள். ஒயில் மாற்றினேன் என்றேன். 159/97.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டு நாள் வீட்டுக் கராஜுக்குள் இருந்தேன். ஓட்டைகளுக்குக் கம்பி வலை வைத்து, மேலே பசை பூசி, தேய்த்து, நாலு டின் கறுப்புத் தார் அடித்தேன். இப்போது கீழே குனிந்து பார்த்தால் குலேந்திரனின் காரைவிட என் வான் பளபளக்கிறது. சறோ எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, ஆர் உதுக்குக் கீழ படுத்துப் பார்க்கப்போயினம்?" என்று கேட்டாள்.

யாரும் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால் ரோட்டுத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். வேலைக்கு ஐந்து நிமிட ஓட்டம், மெதுவாகத்தான் போவேன். வசந்தம் வந்ததும் கழிவிரும்புக்குக் கொடுத்துவிடுவேன்.

நவம்பர் 22, சனி

அளக்கவில்லை.

மிதுஷாவின் இருபத்தோராவது பிறந்தநாள். மண்டபம், மேடை, வீடியோ, மைக் பிடித்துப் பேச ஒருவர். திரையில் அவள் பிறந்ததிலிருந்து இன்றுவரை படங்கள் ஓடின. நூற்றுப் பதினாறு படம், நான் எண்ணினேன். குலேந்திரன் அவளைத் தூக்கி வைத்திருக்கும் படம், குலேந்திரன் சோறு தீத்தும் படம், குலேந்திரனோடு நயாகரா. அவளை நடக்கப் பழக்கியது எங்கள் வீட்டு ஹோலில். அவளுக்கு அம்மை போட்டபோது பதினொரு நாள் அவள் எங்களோடுதான் இருந்தாள். ஒரு படத்தில் சிவப்புச் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிந்தது. அதில் கட்டியிருந்த மணிக்கூட்டை வைத்து என் கைதான் என்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்த சறோவுக்குக் காட்டுவதற்கு முன் படம் மாறிவிட்டது.

பிறகு குலேந்திரன் மைக்கை வாங்கினான். ஜனவரியிலிருந்து மகளுக்குப் பாரி நகரில் நாலு மாதம் வேலைப் பயிற்சி என்றான். போகவர இருநூறு கிலோமீற்றர். "இப்போதைக்கு பஸ்ஸில போவா. வசந்தத்தில மகளுக்கு ஒரு கார் வாங்கிக் குடுப்பன்." மண்டபம் கைதட்டியது.

அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் மேடைக்கு வரவும். என் பையில் காசு வைத்த என்வலப் இருந்தது. அதை எடுக்கத்தான் கையை விட்டேன். சாவிக்கொத்தோடு வான் திறப்புத்தான் கையில் வந்தது என்று எழுதினால் அது பொய். இரண்டும் இருந்தன, நான் திறப்பை எடுத்தேன்.

"வசந்தம் வரும் மட்டும் பிள்ளை ஏன் பஸ்ஸுக்குக் குளிரில நிக்கோணும்?" என்றேன் மைக்கில். "இந்தாங்கோ. என்ர வான். நான் இனி வேலைக்கு பஸ்ஸில போவன்."

அந்தக் கைதட்டலை இங்கே எழுத முடியாது. மிதுஷா அழுதுகொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். "உண்மையாவா பெரியப்பா?" வீடியோக்காரன் பக்கத்தில் வந்து எடுத்தான். குலேந்திரன் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. அதை நன்றாகப் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை 126/80. இந்தக் கொப்பி தொடங்கியதிலிருந்து இதுதான் குறைவு.

நவம்பர் 26, புதன்

வானை என் பெயரிலேயே வைத்திருக்கலாம், காப்புறுதியில் மிதுஷாவின் பெயரைச் சேர்த்தால் போதும் என்று வதனியிடம் சொன்னேன். "அத்தான் எவ்வளவு யோசிச்சுச் செய்யிறியள்" என்றாள். பெயர் மாற்றினால் வானைப் பரிசோதித்துச் சான்றிதழ் தா என்பார்கள்.

அந்தத் தார் நாலு டின். ஒரு பனிக்காலம் தாங்காதா?

டிசம்பர் 4, வியாழன்

152/94. பஸ் இருபத்தைந்து நிமிடம் பிந்தியது. இவ்வளவு நாளும் மிதுஷா வானை ஊருக்குள்தான் ஓடுகிறாள். ஊருக்குள் பயமில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் பனி. விடிய முதலே லொறி எடுத்தேன். குலேந்திரனின் வீதியும் என் பாதையில்தான் வருகிறது. அவன் வாசலில் சாம்பல் கார் உள்ளேயும் என் வான் வெளியேயும் நின்றன. உப்பு விசிறும்போது கல் உப்புகள் வானின் சில்லில் பட்டுத் தெறிக்கும் சத்தம் லொறிக்குள் கேட்டது. என் கையாலேயே கொட்டிக்கொண்டு போகிறேன்.

158/99.

டிசம்பர் 14, ஞாயிறு

மிதுஷா வானில் வந்தாள். பின் கண்ணாடியில் எனக்காக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்: பெரியப்பாவின் வான். தமிழில், கோணல் எழுத்தில், தானே வெட்டியது. "இடப்பக்கம் ஏதோ கடகடக்குது பெரியப்பா" என்றாள். பழைய வான் அப்படித்தான் என்றேன்.

அப்பம் சுட்டுக் கொடுத்தாள் சறோ. மிதுஷா மூன்று சாப்பிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. டொக்டர் அதைக் கேட்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இன்று குலேந்திரனின் வீதிக்குத் திரும்பியதும் உப்பு விசிறியை நிறுத்தினேன். அந்த ஒரு வீதிக்கு மட்டும். உப்புக் குறைந்தால் கறள் குறையும், வான் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று கணக்கு. மேலாளர் கேட்டால் உப்புக் கட்டிபட்டு அடைத்துவிட்டது என்று சொல்லலாம், அடிக்கடி நடப்பதுதான்.

டிசம்பர் 19, வெள்ளி

நேற்று வேலைக்குப் போவதற்காகக் காரை வீதியில் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்த குலேந்திரன் சறுக்கி விழுந்தானாம். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சறோ சொன்னபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

171/104. டொக்டர், நான் என்ன யோசித்தேன் என்று கேட்கவேண்டாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

அவனைப் பார்க்கப் போனோம். முழங்கை வரை மாக்கட்டு. மிதுஷா அதில் பூப் படம் கீறியிருந்தாள். அவள் தகப்பனுக்குக் கரண்டியால் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். கை முறிந்தவனைப் பார்த்து எரிச்சல்படுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எரிச்சல்பட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு எங்கட ரோட்டுக்கு உப்புப் போடேல்லைப் போல" என்றான்.

"எனக்குத் தெரியாது. வேற ஆளாயிருக்கும்."

"சரி, விடுங்கோ" என்றான். பிறகு, "மூண்டாம் திகதி சனிக்கிழமை வானுக்கும் எண்ணெய் அடிக்க நேரம் எடுத்திருக்கிறன். அண்ணை தந்த வான், கனகாலம் வைச்சிருக்கோணும்" என்றான்.

எண்ணெய் அடிக்கிறவர்கள் வானை உயர்த்துவார்கள். தட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் திகதி எல்லாம் வெளியே வரும்.

வழி முழுக்கச் சறோ கதைத்துக்கொண்டு வந்தாள். நான் கணக்குப் பார்த்தேன். மிதுஷாவுக்கு ஐந்தாம் திகதிதான் பாரியில் வேலை. மூன்றாம் திகதியே எண்ணெய்க்காரர் கண்டுபிடிப்பார். ஆக, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நான் வாயே திறக்கத் தேவையில்லை. எனக்கும் தெரியாது, பார், எப்படி உக்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. 150/93. வாசலில் பனி தள்ளினேன். அட்டைக்கு வெளியே விழுந்த அந்த மூன்று கறை இன்னும் இருக்கிறது.

ஜனவரி 2, வெள்ளி

காலை ஆறரை. வேலை முடிந்து லொறியை யார்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சறோ போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, மிதுஷா இண்டைக்கே சாமானுகளை ஏத்திக்கொண்டு பாரிக்குப் போறாளாம். அறை பார்த்திட்டு வாறாளாம். கட்டிக் குடுத்துவிட இடியப்பம் அவிக்கட்டோ எண்டு கேக்கத்தான்."

"எதில போறாள்?"

"எதில போறது? உங்கட வானிலதான்."

யார்டுக்குப் போகும் பாதையை விட்டுத் திரும்பினேன். மிதுஷாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹைவேயில் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த எட்டு நிமிடம் எப்படி ஓடினேன் என்று தெரியாது.

ஏறவில்லை. குலேந்திரன் வீட்டு வாசலில் வான் ஸ்டார்ட்டில் நின்றது, அவள் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தாள். லொறியை அந்த வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினேன்.

"பெரியப்பா, லொறியை எடுங்கோ, நான் போகோணும்."

"ஏலாது."

குலேந்திரன் சாரத்துக்கு மேல் ஜக்கெட் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மாக்கட்டுக் கையை ஜக்கெட்டுக்குள் வைத்திருந்தான். லொறியிலிருந்து ஸ்குரூ டிறைவரை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"பின்னுக்கு, இடது சில்லுக்கு மேல. குத்திப் பார்."

ஒரு கையை ஊன்றி, பனியில் மல்லாந்து படுத்து, வானுக்குக் கீழே போனான். தார் கிழியும் சத்தம் கேட்டது. வலை நெரிந்தது. அவன் கொஞ்சநேரம் வெளியே வரவில்லை. கால் மட்டும் தெரிந்தது, ஒரு செருப்புக் கழன்று கிடந்தது. எழும்பியபோது இடது உள்ளங்கை நிறையக் கறள். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றும் விரும்பினேன்.

அவன் மகளிடம் திரும்பினான். "அம்மா, வான் இண்டைக்கு வேண்டாம். குளிருக்கு அடியில ஒரு இடம் வெடிச்சுப்போச்சு. நல்லகாலம், பெரியப்பா கண்டிட்டார்."

நல்லகாலமாம். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவே தொடங்கிவிட்டாள். நான் பேசாமல் லொறியில் ஏறிப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. காரில் மேலே போனான், வீட்டில் மேலே போனான், பிள்ளை அவனுடையது. இப்போது என் மானத்தையும் அவன்தான் காப்பாற்றித் தர வேண்டுமா? அவன் தந்த அந்தப் பொய்யைக் கையேந்தி வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. பொறாமைதான். ஒக்டோபரில் இல்லை என்று எழுதினேன், அது பொய்.

"பொய் சொல்லாதை குலேந்திரன்" என்றேன். "குளிரும் இல்லை ஒண்டும் இல்லை. உக்கினது ஒக்டோபரிலயே எனக்குத் தெரியும். மணியம் ரோட்டில விடாதேங்கோ எண்டு சொன்னவன். நான்தான் வலை வைச்சுத் தார் பூசினனான்."

மிதுஷா சுரண்டியைக் கீழே விட்டாள். "தெரிஞ்சுகொண்டா எனக்குத் தந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன் பெரியப்பா?"

மண்டபத்தில் ஓடிய படங்களையும் அந்தச் சைக்கிளையும் சொல்லலாம் என்று வாய் எடுத்தேன். இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "அண்டைக்கு எல்லாரும் கைதட்டினவை" என்று மட்டும் வந்தது.

அவள் வானை நிறுத்தி, திறப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை.

தொடங்கியதை முடித்துவிட நினைத்தேன். "உன்ர கையும் நான்தான். வானுக்குக் கறள் பிடிக்கக்கூடாது எண்டு உங்கட ரோட்டுக்கு உப்புப் போடாமல் விட்டனான்."

குலேந்திரன் தன் மாக்கட்டைப் பார்த்தான். அதில் மகள் கீறிய பூவைப் பார்த்தான். "அண்ணை, இன்னும் ஏதும் மிச்சம் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப லொறியை எடுங்கோ. பின்னால குப்பை லொறி நிக்குது."

ஜனவரி 4, ஞாயிறு

சறோ சமைத்து மூடி வைக்கிறாள், போட்டுத் தருகிறாளில்லை. "பிள்ளை செத்திருப்பாள்" என்று ஒருதரம் சொன்னாள். 

ஜனவரி 5, திங்கள்

குலேந்திரன் தன் சாம்பல் காரை மகளிடம் கொடுத்து பாரிக்கு அனுப்பிவிட்டான். பஸ் தரிப்பில் மாக்கட்டுக் கையோடு அவன் நிற்கிறான், பக்கத்தில் நான். இரண்டு பேரும் பஸ் வரும் திசையையே பார்க்கிறோம். பஸ் பிந்தித்தான் வந்தது.

ஜனவரி 15, வியாழன்

உப்புச் சங்கதியை மேலாளரிடமும் நானே சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை தந்து, அந்தப் பாதையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

பஸ் தரிப்பில் கடும் குளிர். குலேந்திரனுக்கு ஜக்கெட் சிப்பை ஒரு கையால் இழுக்க முடியவில்லை. இழுத்துவிட்டேன். "ம்" என்றான்.

பெப்ரவரி 10, செவ்வாய்

குலேந்திரன் வாசலிலேயே நின்ற வானைக் கழிவிரும்புக்காரர் வந்து தூக்கினார்கள். பின்பக்கத்தைக் கொழுவி இரண்டடி உயர்த்தியதும் இடது சில்லு அச்சோடு கழன்று வாசலில் விழுந்தது. நின்ற வண்டி. ஒருவரும் ஓட்டவில்லை, ஹைவே இல்லை. தூக்கிய ஆள் சிரித்துக்கொண்டு கையை விரித்தான். நான் படியில் இருந்துவிட்டேன். பின் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதை உரிக்கப் பார்த்தேன். குளிரில் வரவில்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

வதனி வந்தாள். மிதுஷா வாரக்கடைசிகளில் வந்து போகிறாளாம். இங்கே வரவில்லை. நான் கேட்கவுமில்லை. 149/92.

மார்ச் 28, சனி

காலை 144/90.

மத்தியானம் ஹோர்ன் சத்தம். சாம்பல் கார். சத்தமில்லாத அந்தக் கதவைத் திறந்து மிதுஷா இறங்கினாள். மெலிந்திருந்தாள். மூன்று மாதத்துக்குக் கிட்ட அவள் என்னோடு கதைத்ததில்லை. நான் வாசல் கூட்டிய தும்புத்தடியோடு நின்றேன்.

"பாரியில உப்புக் கூட" என்றாள், என்னைப் பார்க்காமல். "காருக்குத் திரும்ப எண்ணெய் அடிச்சனான். ரெண்டு நாளைக்கு உங்கட வாசல்ல விடட்டோ?"

"கொப்பர் கேக்கச் சொன்னவரோ?"

"இல்லை. அப்பா தங்கட வாசல்லயே விடச் சொன்னவர். நான்தான் இஞ்ச கொண்டுவந்தனான்."

உள்ளே விடச் சொல்லிக் கையைக் காட்டினேன். நேராக உள்ளே கொண்டுவந்து, நான் பழக்கியபடியே இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்து நிறுத்தினாள். சறோ உள்ளேயிருந்து, "இஞ்சேருங்கோ, அட்டையை எடுத்துப் போடுங்கோவன்" என்று கத்தினாள். எனக்குக் காது கேட்கவில்லை.

அவள் அப்பம் இரண்டு சாப்பிட்டாள். முந்தி மூன்று சாப்பிடுவாள். கதைத்தது கொஞ்சம்தான், அதுவும் சறோவோடு. போகும்போது, "நாளைக்கு பின்னேரம் வந்து எடுக்கிறன் பெரியப்பா" என்றாள்.

அவள் போன பிறகு டோர்ச்சைக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தேன். இதுவரை பதினேழு சொட்டு. இன்னும் சொட்டுகிறது. குலேந்திரன் வீட்டு வாசலில் ஒரு சொட்டுக்கூட இல்லை.